வேலையை எப்போது விடலாம்?

வயதை விடுங்கள், முதலில் செலவைப் பாருங்கள். வீடு, மருந்து, காப்பீடு, பயணம் என ஒரு வருடச் செலவைக் கூட்டி, பென்ஷன் வந்தால் கழித்து, மீதியை 25-ஆல் பெருக்குங்கள். வேலையை விடும்போது கையில் இருக்க வேண்டிய சேமிப்பு அதுதான். அமெரிக்க நிதி ஆலோசகர் பில் பெங்கன் 1994-இல் சொன்ன 4 சதவீதக் கணக்கிலிருந்து வந்தது இது: முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டி எடுத்தாலும் பணம் தீராது என்பது அந்தக் கணக்கு. அமெரிக்கச் சந்தையை வைத்து 30 வருடங்களுக்குப் போட்டது. ஐம்பதிலேயே விடுபவர் இன்னும் கூடுதலாகச் சேர்ப்பது நல்லது.

பணம் சரி, அப்புறம் பொழுது? நான் முதலில் வெள்ளிக்கிழமைகளை மட்டும் விடுப்பாக்கிக்கொண்டேன். காலையில் நீச்சல், மதியம் வயலின் வகுப்பு. மேலாளர் முகம் சுளித்தார். வேலை ஒன்றும் நின்றுவிடவில்லை. அன்றும் கை தானாக ஆபீஸ் மெயிலைத் திறக்கிறதா? அப்படியானால் கொஞ்ச காலம் இப்படியே ஓட்டுங்கள். மலையேற்றம் மாதிரி முழங்காலை நம்பிய ஆசைகளை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த வருட விடுப்பிலேயே முடித்துவிடுங்கள்.