பெரிம்பாவ் கத்துக்கறப்ப எல்லாரும் பண்ற தப்புங்க

கபோயிராங்கற பிரேசில் சண்டைக் கலைல சேர்றவங்க எல்லாருக்கும் கண்ணு உதை, கரணம் மேலதான் போகும், பெரிம்பாவ், அதாவது குடுக்கை கட்டின ஒத்தக் கம்பி வில்லு வாத்தியத்த எடுத்தா "அது அப்பறம் பாத்துக்கலாம்"னு நைசா நழுவிடுவாங்க. முதல் தப்பே அதுதான். வட்டத்துக்குள்ள ரெண்டு பேரு மெதுவா ஆடணுமா வேகமாவா, நெருங்கியா தள்ளியா, எப்ப நிறுத்தணும்னு எல்லாத்தையும் சொல்றது பெரிம்பாவ்தான். அந்த வட்டத்துக்குப் பேரு ரோடான்னு எழுதிப் பாத்திருப்பீங்க, பிரேசில்காரங்க வாயில அது ஹோடா, வார்த்தை ஆரம்பத்துல வர்ற ர அங்க ஹ ஆயிடும். பாடும்போது இது ரொம்ப உதவும்.

அடுத்தது பிடிக்கற விதம். புதுசா வர்றவங்க வில்லோட மரத்த உலக்கை மாதிரி முழுக்கையால இறுக்கிப் பிடிச்சுக்கறாங்க. அப்படி இல்ல, குடுக்கையக் கட்டியிருக்கற கயித்துக்கு அடியில சுண்டு விரல் போகணும், மொத்த வெயிட்டும் அது மேலதான் நிக்கும், நடுவிரலும் மோதிர விரலும் மரத்தைச் சுத்திக்கும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கம்பியில வச்சு அழுத்தற கல்லுக்கு ஃப்ரீயா இருக்கணும். ஆரம்பத்துல சுண்டு விரல் உயிர் போற மாதிரி வலிக்கும்தான், அதுக்காகப் பிடிய மாத்தாதீங்க, தினம் அஞ்சஞ்சு நிமிஷம் வாசிச்சா தன்னால பழகிடும்.

சத்தம் மூணு: கல்லு தொடாம அடிச்சா கீழ் சுருதி, அழுத்தி அடிச்சா மேல் சுருதி, லேசா தொட்டும் தொடாமயும் வச்சு அடிச்சா 'ச்ச்' னு ஒரு இரைச்சல். நிறைய பேருக்கு இந்த மூணாவதும் ரெண்டாவதும் ஒண்ணாக் கலந்துடும், அதுக்கப்பறம் எந்தத் தாளம் வாசிச்சாலும் சோறும் குழம்பும் மிக்சியில அரைச்ச மாதிரிதான். குடுக்கையை வயித்தோட ஒட்டியே வச்சா சத்தம் அடைச்சுப் போயிடும், தள்ளி எடுத்தாதான் திறக்கும். அப்பறம் கஷிஷி, அதாவது குச்சி பிடிக்கற கையில மாட்டிக்கற கூடைக் கிலுகிலுப்பை, அத தனியா ஆட்டிட்டு இருக்காதீங்க, அடிக்கற அடியோடயே அதுவும் வரணும்.

மூணு பெரிம்பாவ் சேர்ந்தா வேற பிரச்சனை. பெரிய குடுக்கை வச்ச குங்கா அடி சுருதி, ஹோடாவ நடத்தறதும் பொதுவா அதுதான், மேடியோ நடுவுல, சின்ன குடுக்கை வியோலாதான் பூ வேலை பண்ணும். மூணு பேரும் வித்தை காட்ட ஆரம்பிச்சா ஆடறவங்க எதைக் கேட்டு ஆடுவாங்க? (நானும் பண்ணிருக்கேன், குங்கா வாசிச்சவரு பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.)

இன்னொண்ணு, வீடியோ பாத்து எல்லா ஸ்டைலையும் கலந்து கட்டறது. மெஸ்த்ரி (அதாவது குரு) பிம்பாவோட ஹெஜியோனால்ங்கற ஸ்டைல்ல ஒரே பெரிம்பாவ், ரெண்டு பாண்டேரு (கஞ்சிரா மாதிரி ஒண்ணு), கைதட்டலும் உண்டு. மெஸ்த்ரி பாஸ்டின்யா 1941ல சால்வடார்ல பள்ளி ஆரம்பிச்சு வளர்த்த அங்கோலா வழியில மூணு பெரிம்பாவ், அட்டபாக்கி முரசு எல்லாம் இருக்கும், ஆனா பொதுவா கைதட்ட மாட்டாங்க, அங்க போய் உற்சாகத்துல தட்டினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. தாளத்துக்கும் இது பொருந்தும். இயூனான்னு ஒரு தாளம் இருக்கு, பிம்பா பள்ளியில அது பயிற்சி முடிச்சவங்க ஆடறதுக்கு. கவலாரியா குதிரைப் போலீஸ் வருதுன்னு எச்சரிக்கற தாளம்னு சொல்லுவாங்க, 1890 சட்டத்துல கபோயிராவே குற்றமா இருந்துச்சு இல்லையா, அதை சும்மா ஜாலிக்கு எடுத்து விடறது நல்லா இருக்காது.

பாட்டுல பெரிய தப்பு அர்த்தம் தெரியாம உருப்போடறது. ஆட்டம் சூடு பிடிக்கற நேரத்துல விடைபெறற பாட்ட எடுத்தவங்கள பாத்திருக்கேன். அங்கோலாவுல முதல்ல வர்ற லடாயின்யாங்கற பாட்ட ஒருத்தர்தான் பாடுவாரு, அது முடியற வரைக்கும் ஆடப்போற ரெண்டு பேரும் பெரிம்பாவ் காலடியில குந்தி இருக்கணும். கோரஸுக்கு வாயத் திறக்காம நிக்கறதும் தப்புதான், குரல் நல்லா இல்லைன்னு யாரும் திட்டமாட்டாங்க, சும்மா நின்னாதான் திட்டுவாங்க.

வாசிச்சு முடிச்சா கம்பிய அவுத்துடுங்க. பெரும்பாலும் பழைய கார் டயர்லேருந்து உரிச்செடுத்த கம்பி அது, கட்டியே சாத்தி வச்சா மரம் வளைஞ்ச வாக்குல நின்னுடும், அப்பறம் எவ்ளோ இழுத்துக் கட்டினாலும் பழைய விறைப்பு வராது.