பொருள் சந்தைப்படுத்தல் நேர்காணல்: பலர் தவறும் இடம்

பொருள் சந்தைப்படுத்தல் பணிக்கான நேர்காணலில் "எங்கள் பொருளை எப்படி விற்பீர்கள்?" என்று கேட்டதும், பலர் இன்ஸ்டாகிராம் விளம்பரம், பிரபலங்களின் பரிந்துரை, சலுகை விலை என்று அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வாங்குபவர் யார், இப்போது எதைப் பயன்படுத்துகிறார், அதை விட்டு இதற்கு ஏன் மாற வேண்டும் என்பவற்றைத் தொடாமல் வழிமுறைகளுக்குத் தாவுவதே நான் மிகப் பெரியதாகக் கருதும் தவறு.

சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய, சாஷே எனப்படும் சிறு பொட்டலங்களில் விற்ற சிக் ஷாம்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் விற்றது என்று கேட்டால், "சாஷே மலிவு, அதனால் விற்றது" என்பது அரைகுறைப் பதில். பாட்டிலுக்கு மொத்தமாகப் பணம் செலவிட இயலாத கிராமப்புறக் குடும்பங்களை அது குறிவைத்ததையும், காலி சாஷேக்களுக்குப் புதிய சிக் சாஷே இலவசம் என்ற திட்டம் முதலில் எல்லா நிறுவனங்களின் சாஷேக்களையும் ஏற்று, பின்னர் சிக் சாஷேக்களை மட்டுமே ஏற்றதையும், அதனால் போட்டிப் பொருளை வாங்கியவர்களும் படிப்படியாக இதன் பக்கம் திரும்பியதையும் விளக்குபவரே சந்தையைப் புரிந்தவராகத் தெரிவார்.

சொந்த அனுபவத்தைக் கூறும்போது "விற்பனை உயர்ந்தது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த அளவீடு, எவ்வளவு காலத்தில், அதில் உங்கள் பங்கு எது, குழுவின் பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

நேர்காணலுக்கு முன்பு அந்நிறுவனத்தின் பொருளைக் கட்டாயம் பயன்படுத்திப் பாருங்கள். செயலி என்றால், பிளே ஸ்டோரில் ஒரு நட்சத்திரம் மட்டும் அளித்தவர்களின் கருத்துகளையும் படியுங்கள். நிறுவனத்தின் இணையதளம் சொல்லாத குறைகள் அங்கேதான் கிடைக்கும்.