நாமினி அண்ணன், வீடு யாருக்கு?

மும்பை செம்பூரில் அப்பா வாங்கிய ஃபிளாட். அவர் போனதும், சொசைட்டி (குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கம்) ஆவணங்கள் அப்பா நாமினியாகக் குறிப்பிட்டிருந்த அண்ணன் பெயருக்கு மாறின. வீடே அண்ணனுக்குத்தான் என்று நினைத்தோம். அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நாமினி வெறும் பொறுப்பாளர்தான், சொத்து வாரிசுகளுக்கே என்பது வக்கீலிடம் போன பிறகே தெரிந்தது. அப்பா உயில் எழுதவில்லை. எனவே 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நான் எல்லோருக்கும் சம பங்கு. திருநெல்வேலியில் இருக்கும் பாட்டிக்கும் ஒன்று! இறந்த மகனின் சொத்தில் தாயும் முதல் வகுப்பு வாரிசு. இதை யாருமே யோசிக்கவில்லை.

பாட்டி, அண்ணன், நான் மூவரும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டு, விடுதலைப் பத்திரம் பதிவு செய்தோம். பாட்டியை ரயிலில் கூட்டிவந்ததுதான் பெரும்பாடு. போதாக்குறைக்கு, தேய்ந்த அவர் விரலைக் கைரேகை மெஷின் ஏற்கவே மாட்டேன் என்றது.

அப்புறம் அம்மா உயில் எழுதினார். முத்திரைத் தாள் தேவையில்லை, வெள்ளைத் தாளே போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்து பெறுகிறவர்கள் சாட்சியாக வேண்டாமே என்று எதிர்வீட்டு மாமாவும் அம்மாவின் டாக்டரும் கையெழுத்திட்டார்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்தோம்.

யாருக்கு என்ன என்று அம்மா இன்னும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.