குருத்தோலை ஞாயிறு பிரசங்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபை வாலிபர் மூன்று பேர் குருத்தோலை ஞாயிறுக்கு எழுதிய பிரசங்கக் குறிப்பைக் கொண்டுவந்து காட்டினார்கள். இயேசு எருசலேமுக்குள் வந்தபோது ஜனங்கள் ஓலை பிடித்து 'ஓசன்னா' என்று பாடி வரவேற்றதை நினைக்கும் நாள் அது; அந்த வெள்ளிக்கிழமையே அவரைச் சிலுவையில் அறைந்தார்கள். மூன்றிலும் ஒரே வரி: "ஞாயிறு ஓசன்னா பாடிய அதே வாய், வெள்ளிக்கிழமை சிலுவையில் அறையும் என்று கத்தியது." எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே வரியை நானும் குரலை உயர்த்திச் சொன்னவன்தான்.

நேரம் தாண்டிப் பேசுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதைச் சபையாரே இருமிச் சொல்லிவிடுவார்கள்.

அதே கூட்டம் என்று சொல்வது

நான் அப்படிப் பிரசங்கித்த அன்று ஆராதனை முடிந்து வாசலில் நின்றேன். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், ஓலையில் மடித்த சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, மத்தேயு 21:10 வாசிச்சீங்களா? நகரத்தார் 'இவர் யார்?'னு கேட்டாங்களே, அவங்களா ஓசன்னா பாடினாங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்குப் போய் நான்கு சுவிசேஷத்தையும் மறுபடி வாசித்தேன். லூக்காவில் பாடுகிறவர்கள் சீஷர் கூட்டம். யோவானில் பண்டிகைக்கு வந்த ஜனங்கள். வெள்ளிக்கிழமை ரோம ஆளுநன் பிலாத்துவின் முன் நிற்கிற கூட்டத்தைப் பிரதான ஆசாரியர் ஏவிவிட்டதாக மாற்கு சொல்கிறார். இரண்டும் ஒரே கூட்டம் என்று ஒருவரும் எழுதவில்லை. ஜனங்கள் மனம் மாறியிருந்தால் எதற்கு இயேசுவை ராத்திரியில், தோட்டத்தில் போய்ப் பிடிக்க வேண்டும்? பண்டிகையில் பிடித்தால் கலகம் வரும் என்றல்லவா ஆசாரியர்கள் பயந்தார்கள்! சிலுவையின் பின்னால் அழுதுகொண்டு போனதும் ஒரு திரள் கூட்டம்தான் (லூக்கா 23:27).

ஒருவர்கூட இரண்டு இடத்திலும் இருந்திருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இல்லாததை வேதம் என்று சொல்லக்கூடாது. இந்த வரி கடைசியில் 'யூதர்கள் நன்றிகெட்டவர்கள்' என்பதில்தான் போய் நிற்கும். ஐரோப்பாவில் பரிசுத்த வாரத்திலேயே யூதர்கள் அடிபட்டிருக்கிறார்கள். இயேசுவின் பாடுகளுக்கு அன்றிருந்த யூதர் எல்லார்மேலும், இன்றைய யூதர்மேலும் பழிபோடக்கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததே 1965-இல்தான்.

எதிர்ப்பைக் காட்ட வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம். அதே ஞாயிறு, அதே வழியில், "போதகரே, உம்முடைய சீஷரை அதட்டும்" என்று, நியாயப்பிரமாணத்தைக் கறாராகப் பின்பற்றிய யூதக் குழுவான பரிசேயரில் சிலர் இயேசுவிடம் சொல்கிறார்கள். பாட்டும் அதட்டலும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. பிரசங்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

பரிசேயர் எல்லாரையும் வில்லனாக்குவது

கலிலேயாவை ஆண்ட ஏரோது கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்ததும் பரிசேயர் சிலர்தான். லூக்கா 13:31.

ஓசன்னாவை வெறும் வாழ்த்தாக்குவது

118-ஆம் சங்கீதத்திலிருந்து வரும் சொல் அது. 'இரட்சியும்' என்ற கெஞ்சல். ரோமச் சிப்பாய்கள் காவல் நிற்கிற ஊரில், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகை நெருங்கும் நாளில், அப்படிச் சத்தம் போட்டால் ஆளுகிறவன் காதுக்கு வெறும் துதியாகவா கேட்கும்?

இயேசு ஏறிவந்தது ஒரு கழுதையா, இரண்டா என்று எண்ணுவது

வேண்டாம்.

சரி, மூவரில் ஒருவன் அந்த வரியை அடித்துவிட்டான். இன்னொருவன் யோசிப்பதாகச் சொன்னான். மூன்றாமவன், "அண்ணா, அந்த இடத்துலதான் சபையே அமைதியாகும்" என்று நோட்டை மூடி வைத்துக்கொண்டான்.