உப்புக்காற்று வீசும் ஊரில் முதல் கருவிப்பெட்டி: புதியவர்களுக்கான தச்சுச் செய்முறை

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் ஏர்வாடி வரையுள்ள கடலோரத்தில் வசித்துக்கொண்டு மரவேலையைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்புவோர், நாற்காலி, அலமாரி என்று தொடங்காமல், தம் கருவிகளை வைப்பதற்கு இறுக்கமான மூடியுள்ள பெட்டி ஒன்றை முதலில் செய்துகொள்வது நல்லது. காற்றில் மிதந்து வரும் உப்புத்துகள் இரும்பின் மேல் படிகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் அது நீரை இழுத்துக் கசியத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். ஆகவே, ஒரு துளி மழைகூடப் படாத அறையில் வைத்த உளியும் துருப்பிடிக்கும்.

இடமும் கருவிகளும்

வேலை செய்ய வீட்டின் பின்தாழ்வாரமோ ஓலைக் கொட்டகையோ போதும். பாக் நீரிணையைப் பார்த்த ஊர்களில் வாடைக்காற்று நேராக வந்து அடிக்கும்; மன்னார் வளைகுடாவைப் பார்த்த கீழக்கரை போன்ற ஊர்களில் தெற்கிலிருந்து வீசும் காற்று அடிக்கும். எனவே திறப்பைக் கடலுக்கு எதிர்ப்புறமாக வைத்துக்கொள்ளவும்.

தொடக்கத்தில் ஒரு கைரம்பம், ஓர் இழைப்புளி, 2 நூல், 4 நூல், 1 அங்குல அகலங்களில் மூன்று உளிகள், கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), மூலைமட்டம், டேப், டிரில், எண்ணெய்க்கல் ஆகியவை போதுமானவை. (8 நூல் ஓர் அங்குலம்.) மின்சார வட்டரம்பத்தை முதல் ஆண்டில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து, கைரம்பத்தில் கோட்டின்மேல் நேராக அறுக்கப் பழகாதவருக்கு அது தவறைத்தான் விரைவாகச் செய்துகொடுக்கும்.

உளிகளை 25 பாகைச் சரிவில் தீட்டி, நுனியை மட்டும் 30 பாகையில் முடிக்கலாம். நீர்க்கல்லைவிட எண்ணெய்க்கல்லே இவ்விடத்துக்கு ஏற்றது. இப்பகுதியில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பாக இருப்பதால், அந்த நீரில் தீட்டிய உளியைத் துடைத்து வைத்தாலும் துரு வரும். எண்ணெய்க்கல்லில் தீட்டினால் இரும்பின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சாவது எஞ்சும்.

மரம் தேர்ந்தெடுத்தல்

இங்கே எளிதில் கண்ணில் படுவது சீமைக்கருவேலம். அதன் மரம் கடினமானது, காயும்போது அதிகம் சுருங்காது. ஆனால் நீண்ட நேரான பலகை கிடைப்பது அரிது என்பதால், கொட்டாப்புளிக்கும் உளிப்பிடிக்கும் அதை ஒதுக்கிக்கொள்ளலாம். பனையில் வெளிப்பகுதி வைரமாகவும் உட்பகுதி சோறாகவும் இருக்கும். கரிய நார்கள் இழைப்புளிக்கு அடங்காமல் பிய்ந்து, கையில் சிலாம்பாக ஏறும். கூரையின் கைமரத்துக்கு அது சிறந்தது, பெட்டிக்கு வேண்டாம். பழைய வள்ளத்தின் பலகை மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்கவும். அதனுள் மறைந்திருக்கும் ஆணி இழைப்புளியின் வாயைக் கெடுக்கும். ஊறிய உப்போ, அதில் செய்த பெட்டிக்குள் எந்நாளும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இந்தப் பெட்டிக்குப் பூவரசு மிகவும் பொருந்தும்; வேம்பும் ஆகும், ஆனால் நார் முன்னும் பின்னும் புரண்டிருப்பதால் இழைப்பது சற்றுக் கடினம். அடிப்பலகைக்கும் மூடிக்கும் ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்கவும். ஒட்டுத்தூள் பலகை (பார்ட்டிக்கிள் போர்டு) இந்த ஈரத்தில் ஊதிவிடும்.

வாங்கிய பலகைகளை இடையில் குச்சிகள் வைத்து, நிழலில் அடுக்கவும். வாரம் ஒருமுறை ஒரே துண்டை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே அறுக்கவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை மீண்டும் கூடும். ஆகவே கோடையில் வேலையைத் தொடங்குவது வசதி.

செய்முறை

உள்ளளவு 24 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 9 அங்குல உயரம் என்று கொள்வோம். பலகையின் பருமன் 6 நூல்.

1. நீளப் பலகைகள் இரண்டை 25 அங்குலம் 4 நூல் அளவிலும், குறுக்குப் பலகைகள் இரண்டை 10 அங்குலம் 6 நூல் அளவிலும் அறுக்கவும். நான்கிலும் மரத்தின் நார் கிடைமட்டமாகவே ஓட வேண்டும். மரம் நாரின் குறுக்கேதான் விரிந்து சுருங்கும், நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. ஒரு பலகையின் நாரை மட்டும் செங்குத்தாக வைத்தால், முதல் மழைக்காலத்திலேயே மூலை பிளக்கும்.

2. நீளப் பலகைகளின் இரு முனைகளிலும் உட்புறமாக 6 நூல் அகலம், 3 நூல் ஆழத்துக்குப் படி வெட்டவும். ரம்பத்தால் கோட்டை அறுத்து, மிச்சத்தை உளியால் சிறிது சிறிதாக நீக்கவும். இந்தப் படி சுத்தமாக அமைந்துவிட்டால், மீதி வேலை தானாக நேராகும். அவசரப்படக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

3. பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்த பின், நீர் தாங்கும் பசையைத் தடவி இணைக்கவும். கிளாம்ப் இல்லையென்றால், பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, குச்சியால் முறுக்கி இறுக்கலாம். இரு மூலைவிட்டங்களும் ஒரே அளவாக இருந்தால் பெட்டி கோணாமல் நிற்கிறது என்று பொருள். இல்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தை இரு முனையிலும் அழுத்திச் சரிசெய்யவும்.

4. மறுநாள் அடிப்பலகையைப் பெட்டியின் கீழே பொருத்தி, மூலைகளிலும் அதிலும் பித்தளைத் திருகாணி போடவும். பித்தளை மென்மையானது, இறுக்கும்போது தலை முறியும். ஆகவே முதலில் டிரிலால் துளையிட்டு, அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை உள்ளே செலுத்திக் கழற்றிவிட்டு, மெழுகு தடவிய பித்தளைத் திருகாணியை அந்த வழியிலேயே இறக்கவும்.

5. மூடிக்குக் கீல் வேண்டாம். பிளைவுட்டின் ஓரம் முழுவதும் ஓர் அங்குலச் சட்டம் அடித்து, அது பெட்டியின் வெளிப்புறத்தைத் தழுவி இறங்கும்படி, நீளத்திலும் அகலத்திலும் 1 நூல் இடைவெளி விட்டுச் செய்யவும். உப்புத்தூசி நுழைவதை இது பெருமளவு தடுக்கும்.

6. ஆளிவிதை எண்ணெயை உள்ளும் புறமும் மெல்லியதாகத் தடவி, மிகுந்ததைத் துடைத்துவிடவும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட வேண்டாம். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறந்து துணி தானாகவே தீப்பற்றக்கூடும். கொடியில் விரித்து உலர்த்தவும்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே கருவிகளை உள்ளே வைக்கவும். வேலை முடிந்தவுடன் ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதுடன், சில சிலிகா ஜெல் பொட்டலங்களையும் பெட்டியில் போடலாம். ஈரம் குடித்த சிலிகா ஜெல்லுக்கு வெயில் போதாது. பொட்டலத்தைப் பிரித்து மணிகளை மட்டும் பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் துணியில் முடிந்து வைக்கவும். அந்த வாணலியை மீண்டும் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.