புக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு அந்தமான் கரையை எடை போடாதீர்கள்

தாய்லாந்தின் அந்தமான் கரை என்றால் நம்மில் பலருக்கு போர்ட் பிளேயர்தான் ஞாபகம் வரும். "அப்போ அந்தமான் தாய்லாந்துலயா இருக்கு?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. தீர்ப்பதற்குச் சுலபமான தவறு இது. அந்தப் பெயர் கொண்ட தீவுகள் இந்தியாவுடையவை. கடல் பொது. அந்தக் கடலின் கிழக்கு ஓரத்தில், மியான்மர் எல்லையில் தொடங்கி மலேசிய எல்லை வரை ஆறு தாய் மாகாணங்கள் வரிசையாக நிற்கின்றன: ரனோங், பங்ஙா, புக்கெட், கிராபி, திராங், சாதுன்.

இந்த ஆறையும் சேர்த்து "புக்கெட் பக்கம்" என்று சொல்லிவிடுவதுதான் பெரிய தவறு. மற்ற பிசகெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கிறது.

மழைக்கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். "தாய்லாந்துக்கு எந்த மாசம் போகலாம்?" என்று யாராவது கேட்டால், எந்தக் கரைக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். தெற்குத் தாய்லாந்து ஒரு மெல்லிய நிலத்துண்டு. க்ரா பூசந்தியில் அதன் அகலம் சுமார் 44 கிலோமீட்டர்தான். ஆனால் மேற்குக் கரைக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று, மே முதல் அக்டோபர் வரை. கிழக்கே தாய்லாந்து வளைகுடாவைப் பார்த்து நிற்கும் சமுய் தீவுக்கும் நக்கோன் சி தம்மராத்துக்கும் பெருமழை வருவது அதற்கு அப்புறம், வடகிழக்குக் காற்றில். ஜூனில் கேரளம் நனையும்போது சென்னை காய்வதும், நவம்பரில் அது மாறுவதும் நமக்குத் தெரியுமே, அதே காற்றுகள்தான் இங்கேயும். இது தெரியாமல் நவம்பர் கடைசியில் சமுய்க்கும் ஜூலையில் அந்தமான் பக்கத்துச் சிமிலான் தீவுகளுக்கும் திட்டம் போடுகிறார்கள். சிமிலான் தேசியப் பூங்காவை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே வைத்திருப்பார்கள்.

மழைக்கால மாதங்களில் பகலெல்லாம் அடைத்துக்கொண்டு பெய்யும் என்று பயப்படுவதும் சரியல்ல. ரனோங்கில் வேண்டுமானால் அப்படி இருக்கும். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் அது. புக்கெட்டில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும். அங்கே கவனிக்க வேண்டியது மழையைவிட அலையை. மேற்கு பார்த்த கடற்கரைகளில் அந்த மாதங்களில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால், தண்ணீர் எவ்வளவு அழகாக இருந்தாலும் இறங்காதீர்கள். கரையிலிருந்து ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

தூரத்தை வரைபடத்தில் விரலால் அளக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புக்கெட்டும் கிராபியும் எதிரெதிரே தெரியும், நடுவில் பங்ஙா வளைகுடா. சாலையில் போனால் தீவின் வடமுனைக்கு ஏறி, பாலம் தாண்டி, வளைகுடாவைச் சுற்றி இறங்க வேண்டும். நூற்றறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த வளைகுடாவில் நீரிலிருந்து செங்குத்தாக எழும் பாறைகள் சுண்ணாம்புக்கல். தாழ்ந்த கரைக்குள் கடல் ஏறி வந்ததில், ஒரு காலத்துக் குன்றுகள் இன்று தீவுகளாக நிற்கின்றன. சேறும் அலையாத்திக் காடும் இந்தக் கரையில் இவ்வளவு இருப்பதற்கும் அதுதான் காரணம். ஓதம், அதாவது கடல்மட்டம், இறங்கினால் கிராபியின் கிழக்கு ரைலே கடற்கரையில் படகு நிற்கிற இடம் வெறும் சேறாகிவிடும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் பெட்டியைச் சுமந்து போனவன் என்ற முறையில் சொல்கிறேன், படகு நேரத்தோடு ஓத நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். (ரைலே தீவு என்று எழுதுகிறார்கள். தீவு இல்லை. பின்னால் செங்குத்துப் பாறை மறிப்பதால் படகில்தான் போக முடியும், அவ்வளவுதான்.)

இனி பொருளாதாரம். "ஏழை மீனவக் கிராமமாக இருந்தது, சுற்றுலா வந்து பணக்கார ஊரானது" என்று புக்கெட்டைப் பற்றிப் படித்தால் அந்தக் கட்டுரையை அங்கேயே மூடிவிடலாம். விடுதிகள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே புக்கெட் பணம் புழங்கிய ஊர். அந்தப் பணம் வெள்ளீயத்திலிருந்து வந்தது. வெள்ளீயம் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் வெறுமனே "ஈயச் சுரங்கம்" என்று எழுதினால் பாதிப் பேர் காரீயம் என்று எடுத்துக்கொள்வார்கள். நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு எந்த உலோகமோ, அதுதான் இது. தாய்லாந்து மொழியிலும் இந்தக் குழப்பம் உண்டு. "தகுவா" என்றால் காரீயம். ஆனால் பங்ஙா மாகாணத்தில் தகுவாபா என்ற ஊரில் வெட்டி எடுத்ததெல்லாம் வெள்ளீயம்.

ஹொக்கியென் சீனர்கள் கூட்டம் கூட்டமாக வந்து மண்ணை வெட்டினார்கள். 1907 வாக்கில் எட்வர்ட் மைல்ஸ் என்ற ஆஸ்திரேலியர் தூர்வாரும் எந்திரக் கப்பலைக் கொண்டுவந்து கடலடி மண்ணையே அள்ளத் தொடங்கினார். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் புக்கெட் பழைய நகரத்து வண்ண வீடுகள் அந்தக் காசில் எழுந்தவை. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, நகருக்குப் பக்கத்தில் கட்டி முடித்திருந்த டாண்டலம் ஆலையை மக்கள் கூட்டம் கொளுத்தியது. வெள்ளீயக் கசடிலிருந்து டாண்டலம் என்ற உலோகத்தைப் பிரிக்கிற ஆலை அது. புகையும் கழிவும் ஊரையும் புதிதாக வரத் தொடங்கியிருந்த சுற்றுலாவையும் கெடுக்கும் என்ற பயம். ஊர் எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். பாங் தாவ் கடற்கரையில் விடுதிகளுக்கு நடுவே பளபளக்கும் நீர்நிலைகள் இயற்கை ஏரிகள் அல்ல, சுரங்கம் விட்டுப்போன குழிகள். மலேசியத் தமிழர்கள் பார்த்தால் ஈயக்குட்டை என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

2004 சுனாமியைப் பேசும்போதும் புக்கெட்தான் முன்னால் வருகிறது. தாய்லாந்தில் இறந்த சுமார் 5,400 பேரில் 4,000க்கும் அதிகமானோர் பங்ஙா மாகாணத்தில் இறந்தவர்கள். புக்கெட்டில் 300க்கும் குறைவு. பங்ஙாவில் காவோ லாக் விடுதிகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அதற்கு வடக்கே பான் நம் கெம் என்ற மீனவர் ஊர் அப்படியே துடைத்தெடுக்கப்பட்டது. அதுவும் பூர்வீக மீனவர் குப்பம் அல்ல. வெள்ளீயம் கிடைக்கிறது என்று பல திசைகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள், ஈயம் போனதும் வலைக்கு மாறினார்கள். பழைய சுரங்க நிலம் என்பதால் பலரிடம் பட்டா இல்லை. அலை வடிந்ததும், வீடு இருந்த மண் யாருடையது என்ற வழக்கு தொடங்கிவிட்டது.

சரி, ரப்பருக்கு வருவோம். கடற்கரையிலிருந்து அரை மணி நேரம் உள்ளே போனால் இந்தக் கரையின் இன்னொரு முகம் தெரியும், அதைப் பார்க்கிறவர்கள் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திராங் ஆளுநராக இருந்த கோ சிம் பீ ரப்பர் கன்றுகளைக் கொண்டுவந்து கந்தாங்கில் நட்டார் என்பது வரலாறு. இன்று உலகத்து இயற்கை ரப்பரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாய்லாந்துடையது. பெரிய எஸ்டேட்டுகள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பகுதி சிறு விவசாயிகளின் தோட்டம். பால் வெட்டுகிறவர்கள் நள்ளிரவு தாண்டி எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். நேற்றைய வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் ரப்பர் நாடாவை உரித்து எறிந்துவிட்டு, பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவு. பால் கீழே கிண்ணத்தில் சொட்டும். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் நன்றாக ஒழுகும். பட்டை நனைந்தால் வேலை இல்லை. சுற்றுலா தூங்கும் மழை மாதங்களிலேயே இவர்களுக்கும் வெட்டு நாள் குறைகிறது. விலையோ 2011 தொடக்கத்தில் கிலோவுக்கு 170 பாட் (தாய்லாந்து நாணயம்) தாண்டிப் போய், 2016 தொடக்கத்தில் 40க்கும் கீழே விழுந்தது. கிராபிப் பக்கம் சாலையோரமெல்லாம் எண்ணெய்ப்பனை தெரிவது ஏன் என்று இதிலிருந்தே பாதி புரியும்.

சாதுனைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள எல்லை மாகாணம் என்பதால், பிரிவினைப் போராட்டம் நடக்கும் பத்தானி, யாலா, நராதிவாத் மாகாணங்களின் கலவரச் செய்திகளோடு இதையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அந்தப் போராட்டம் இங்கே இல்லை. வரலாறே வேறு, இது இன்று மலேசியாவில் உள்ள கெடாவோடு சேர்ந்திருந்த பகுதி.

கடைசியாக, நாமே ஆசையாகச் செய்யும் தவறுகள். புக்கெட்டின் பழைய ஐரோப்பியப் பெயர் "ஜங்க் சிலோன்". இலங்கைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஊஜோங் சாலாங் என்ற மலாய்ப் பெயர் வெள்ளைக்காரர் வாயில் அப்படித் திரிந்தது என்பார்கள். இன்னொன்று, 1025ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று புக்கெட்டை "மணிக்கிராமம்" என்று அழைக்கிறது என்ற செய்தி. ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியை எடுத்துப் பாருங்கள். ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், மாநக்கவாரம், கடாரம் எல்லாம் வரும், மணிக்கிராமம் வராது. அது ஊர்ப் பெயரே அல்ல, வணிகக் குழுவின் பெயர். தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில்தான் அது வருகிறது. நாங்கூருடையான் ஒருவன் தோண்டிய "அவனிநாரணம்" என்ற குளத்தை மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் காக்க வேண்டும் என்பது செய்தி. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். குளம் வெட்டியதைச் சொல்லும் இந்தக் கல்லைக் காட்டி "தமிழன் ஆண்ட தாய்லாந்து" என்று தலைப்புப் போடுகிறவர்களை என்ன சொல்ல?

ஆண்டதைவிட வந்து தொழில் செய்ததற்குத்தான் தடயம் அதிகம். கிராபியில் க்லோங் தொம் பக்கம் கிடைத்த ஒரு சின்னக் கல், கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழ் பிராமி எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று பொறித்திருக்கிறது. பெரும்பதன் என்ற தட்டான் பொன்னை உரைத்துப் பார்த்த உரைகல்.