ஃப்ரீபிஎஸ்டி கர்னல் த்ரெட் பேட்ச் டெஸ்ட் பண்றது எப்படி

பெங்களூர் பிஜி ரூம்ல ஒத்த லேப்டாப் வெச்சிருக்கற தம்பிங்களா, ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ்ஸோட கர்னல்ல (அதோட மையப் பகுதி) த்ரெட்டுங்கள (ஒன்னா ஓடற வேலைங்க) கையாள்ற கோட மாத்தற பேட்ச்ச நேரா அதுல போட்றாதீங்க. விஎம்ல (லேப்டாப்புக்குள்ளயே ஓடற டம்மி கம்ப்யூட்டர்) ஃப்ரீபிஎஸ்டியோட கரன்ட் ப்ராஞ்ச் (இன்னும் டெவலப் ஆயிட்டிருக்கற வெர்ஷன்) போடுங்க, சிபியு கொறஞ்சது நாலு குடுக்கணும், ஒன்னே ஒன்னுன்னா த்ரெட்டுங்க நெஜமா ஒரே நேரத்துல ஓடாது, நெறைய ரேஸ் (த்ரெட்டுங்க ஒன்னோட ஒன்னு முந்தறதால வர்ற பக்) வெளியவே வராது. பேட்ச்சோட பில்ட் பண்ண கர்னல வேற டைரக்டரில இன்ஸ்டால் பண்ணி நெக்ஸ்ட்பூட் கமாண்ட்ல அந்த பேர குடுத்தா ஒரு தடவ மட்டும் அதுல பூட் ஆகும், பேனிக் (கர்னல் க்ராஷ்) ஆனாலும் அடுத்த ரீபூட்ல பழைய கர்னல் வந்துரும்.

கர்னல்லயே இருக்கற செக்கிங் ஆப்ஷன் விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் ரெண்டும் ஆன்ல இருக்கட்டும், லாக் (ஒரே டேட்டாவ ரெண்டு த்ரெட் ஒன்னா தொடாம தடுக்கற பூட்டு) எடுக்கற ஆர்டர் மாறுனா விட்னஸ் கன்சோல்லயே சொல்லிரும், எனக்கு இதவிட நம்பிக்கையான டூல் இல்ல. ஸ்பீட் மட்டும் இதுல அளக்காதீங்க, அதுக்கு இந்த செக்கிங் எல்லாம் இல்லாத நோடீபக் கர்னல்தான். ராத்திரி பூரா மேக் பில்ட்வேர்ல்ட் (கர்னல் தவிர மத்த ஓஎஸ்ஸ சோர்ஸ்லேர்ந்து பில்ட் பண்ற கமாண்ட்) ஓட விடுங்க, பேனிக் ஆச்சுன்னா பேக்ட்ரேஸோட (க்ராஷ் ஆனப்ப எந்த ஃபங்ஷன் எதக் கூப்ட்டுச்சுங்கற லிஸ்ட்) அனுப்புங்க.